காசில்லாத ஒரு நாளுக்கு முக்கூடல் பஸ் ஏறுங்க

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எழுந்து, பல் விளக்காமல், "இந்த ஊர்ல அப்படி என்னடா இருக்கு?" என்று கேட்காத ஹாஸ்டல் ரூம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஈரோட்டிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தவர்களுக்கு நெல்லை என்றால் ஜங்ஷன், ஒரு தியேட்டர், அல்வா. அவ்வளவுதான். நாலு வருஷம் கழித்து டிசி வாங்கிப் போகும்போதும் அந்த மூணுதான் மனசில் இருக்கும். மூணுக்குமே காசு வேணும் என்பதை கவனிச்சீங்களா? மாசக் கடைசியில் பர்ஸ் காலியானால் ஊரும் காலியாகிவிடுகிறது.

இதே நாம்தான் வெளிநாடு போன சீனியர்களின் ஸ்டேட்டஸைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். அவர்கள் முதல் மாசம் போடுகிற படங்களைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் ஓசியில் பார்த்த இடங்கள்தான். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் 1759-ல் திறந்தது, பொதுவான நுழைவுக்குக் கட்டணம் கிடையாது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற இடம். ஆர்க்கிட் தோட்டம் மட்டும் டிக்கெட், மற்றபடி காலையிலிருந்து ராத்திரி வரை சும்மா நடக்கலாம். கையில் காசில்லாத, ஊர் தெரியாத ஒருத்தனுக்கு ஒரு முழு நாளைக் கொடுக்கத் தெரிந்த ஊர்தான் என் கணக்கில் பெரிய ஊர். மால் எத்தனை, ஃப்ளைஓவர் எத்தனை என்பதெல்லாம் அப்புறம்.

இந்த அளவுகோலை நம்ம தாமிரபரணிக் கரையில் வைத்துப் பார்க்கலாமே. திட்டம் போடாதீர்கள், கூகுள் மேப்பில் நட்சத்திரம் குத்தாதீர்கள். முக்கூடல் பஸ் நின்றால் ஏறிவிடுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் காசும் மிச்சம்.

(முக்கூடற்பள்ளு படித்த ஆர்வத்தில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம், சிற்றாறு வந்து சேர்கிற இடத்தில். நான் சொல்வது மேற்கே இருக்கிற பீடி ஊர் முக்கூடல். தமிழ் மன்றத்துக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

ஊருக்குள் நடந்தால் வாசல் திண்ணையில் பெண்கள் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். விரல்கள் போகிற வேகத்துக்கு உங்கள் கண் போகாது. ஆனால் உடனே போனைத் தூக்காதீர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி எண்ணுகிற வேலை அது, உங்கள் ரீல்ஸுக்கான பின்னணி இல்லை. நேரே முத்துமாலை அம்மன் கோயில் பக்கம் இறங்குங்கள், ஆறு அங்கேயே இருக்கிறது. குளிப்பதற்கு முன் துணி துவைக்கிற ஆச்சி யாரிடமாவது கேளுங்கள். "ஏய்யா, அந்தப் பக்கம் போவாத, பள்ளமா கெடக்கு" என்று அவர் சொன்னால் அதுதான் கடைசித் தீர்ப்பு. நீச்சல் தெரியும் என்று வாதாட வேண்டாம். ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து பொதிகைப் பக்கமிருந்து வருகிற காற்றை வாங்குவதற்கு எந்த அப்ளிகேஷனும் டவுன்லோடு செய்யத் தேவையில்லை. ஆனி ஆடியில் போனால் சாரல் துளியும் சேர்த்துக் கிடைக்கும்.

அப்படியே மேற்கே கொஞ்சம் போனால் திருப்புடைமருதூர். கடனா ஆறு தாமிரபரணியில் சேர்கிற இடம். இந்தச் சின்ன ஊருக்கு ஒரு பெருமை உண்டு: 2005-ல் இந்தியாவிலேயே முதல் முதலாக 'பாதுகாப்புக் காப்பகம்' என்று அறிவிக்கப்பட்ட இடம் இதுதான். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. வேலி போட்டு மனிதரைத் துரத்திய சரணாலயம் இல்லை. மருத மரமும் இலுப்பையும் நிற்கிற ஊருக்குள்ளேயே வர்ண நாரைகள் கூடு கட்டுகின்றன. தை மாசியில் போய் மரத்தடியில் நின்றால் தலையில் எச்சம் விழ வாய்ப்புண்டு. அதுவும் இலவசம். பக்கத்தில் நாறும்பூநாதர் கோயில். ஐந்து நிலைக் கோபுரத்துக்குள் மரச் சிற்பமும் சுவரோவியமும், கப்பலில் குதிரை வந்திறங்குகிற காட்சி உட்பட. கோபுரம் பூட்டியிருந்தால் கோயில் ஆட்களிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாமல் சாய்ந்திருக்கிற லிங்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கருவூர்ச் சித்தர் கூப்பிட்டதைக் கேட்க சாமி தலையைச் சாய்த்தார் என்று கதை சொல்வார்கள். கூப்பிட்டால் காது கொடுக்கிற சாமி, நம்ம எக்ஸாம் செல்லுக்கு இந்தக் கோயில் பிரசாதம் அனுப்ப வேண்டும்.

சிவில் மக்கா, உங்களுக்குத் தனியாக ஒன்று. அந்தச் சுற்று வட்டாரத்தில்தான் அரியநாயகிபுரம் அணைக்கட்டு. தாமிரபரணியில் இருக்கிற எட்டு அணைக்கட்டுகளில் ஒன்று, கோடகன் கால்வாய் அதிலிருந்துதான் பிரிகிறது. எட்டில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முன்னாலேயே நின்றவை. கல்லுக்கு மேல் தண்ணீர் வழிவதை அரை மணி நேரம் பார்த்தால் ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் 'வியர்' கேள்விக்குப் படம் தானாக வரும்.

திரும்பும்போது இருட்டுவதற்குள் ஜங்ஷன் வந்துவிட்டால் சுலோசன முதலியார் பாலத்தில் நடந்து பாளையங்கோட்டைப் பக்கம் போங்கள். 1843-ல் திறந்த பாலம். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த மனுஷன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. நாம் இலவசம் என்று அனுபவிப்பது பெரும்பாலும் இப்படித்தான், யாரோ நமக்கு முன்னால் பில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மருதூரில் நாரைக்கு மரத்தை விட்டுவைத்தவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

இவ்வளவும் சொன்னபோது எங்கள் கிளாஸ் தோழி ஒருத்தி கேட்டாள்: "நீங்க சட்டையக் கழட்டிட்டுக் குதிச்சிருவீங்க. நாங்க எங்க போயி துணி மாத்துறது? பாத்ரூம் எங்க இருக்கு?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது பாதி தூரம்தான். படித்துறைக்குப் பக்கத்தில் சுத்தமான கழிப்பறையும் கதவு சாத்துகிற ஒரு அறையும் இருந்தால்தான் மீதி தூரம் முடியும். சாயங்காலமானால் கரையில் குடித்துவிட்டுப் பாட்டிலை உடைக்கிற கூட்டம் இன்னொரு வாயிற்கதவு. அங்கே டிக்கெட் கேட்பதில்லை, ஆனால் பாதிப் பேர் உள்ளே போக முடிவதில்லை. ஆற்றுக்கு விளக்கும் நடைபாதையும் போட்டு அழகுபடுத்தத் திட்டம் வரும்போதெல்லாம் எனக்கு இன்னொரு பயமும் வருகிறது, பின்னாலேயே ஒரு டிக்கெட் கவுண்டர் வந்துவிடுமோ என்று. அருவிகளுக்குப் போகும் வழியில் செக்போஸ்டில் பணம் எண்ணிக் கொடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கழிப்பறை முதலில் வரட்டும், கிரானைட் பெஞ்ச் பிறகு வரட்டும். நம்ம என்எஸ்எஸ் யூனிட் கேம்ப்புக்கு இடம் தேடிக்கொண்டிருந்தால் பேரூராட்சியிடம் இந்த மனுவோடு போகலாம். எஸ்டிமேட்டும் டிராயிங்கும் போட நம்மிடம் ஆளா இல்லை?

அதுவரைக்கும் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். செருப்பில்லாமல் கரையில் நடக்க வேண்டாம், பாட்டில் சில்லு கிடக்கும். மருதூரில் பட்டாசோ ஸ்பீக்கரோ வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் காசு எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவதற்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.