பூச்சி எல்லாம் பகை அல்ல!

இரண்டும் வெள்ளை. இரண்டின் உடம்பிலும் மாவு பூசியது போல இருக்கும். இரண்டும் குச்சிக்கிழங்குச் செடியின் குருத்தில் காணப்படும்.

ஒன்று, செடியின் சாற்றை உறிஞ்சிக் குடியானவரின் குடியைக் கெடுக்கும். மற்றொன்று, அந்தக் கெடுதல்காரனையே பிடித்துத் தின்னும்.

முதலாவதற்கு மாவுப்பூச்சி என்று பெயர். இரண்டாவது பொறிவண்டின் புழு. அதாவது, வண்டாக மாறுவதற்கு முந்திய பருவம்.

இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் மருந்து தெளிக்கக் கிளம்பினால் என்ன ஆகும்? பகைவனோடு நண்பனும் சாவான். சில சமயம் பகைவன் தப்பிக்கொள்வான். நண்பன் மட்டுமே சாவான்!

"எது எந்த இனம் என்று பிரிப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் பாடம்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் அது சோற்றுப் பிரச்சினை.

முதுகெலும்பு இல்லாதவை

உலகத்தில் உள்ள பிராணிகளை இரண்டு பெரிய கூட்டமாகப் பிரிக்கலாம். முதுகெலும்பு உள்ளவை, முதுகெலும்பு இல்லாதவை.

மனிதன், மாடு, கோழி, பாம்பு, தவளை, மீன் - இவற்றுக்கு முதுகெலும்பு உண்டு. எறும்பு, ஈ, சிலந்தி, நண்டு, பூரான், நத்தை, மண்புழு - இவற்றுக்குக் கிடையாது.

எந்தக் கூட்டம் பெரியது? முதுகெலும்பு இல்லாத கூட்டம்தான்! விஞ்ஞானிகள் பெயர் வைத்துள்ள பிராணி இனங்களில் 100-க்கு 95-க்கு மேல் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. பூச்சிகளில் மட்டும் சுமார் 10 லட்சம் இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய கூட்டத்தை, "பூச்சி பொட்டு" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. வழக்கம் மட்டும் அல்ல; அதுதான் ஆபத்து.

தொல்காப்பியர் போட்ட கணக்கு

பழந்தமிழர் இப்படி ஒதுக்கவில்லை.

தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் உயிர்கள் அறிவின் கணக்குப்படி வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. தொட்டு அறிவது ஒன்று. சுவைத்து அறிவது இரண்டு. முகர்ந்து அறிவது மூன்று. கண்டு அறிவது நான்கு. கேட்டு அறிவது ஐந்து. மனத்தால் அறிவது ஆறு.

புல்லும் மரமும் ஓரறிவு. நத்தையும் சிப்பியும் ஈரறிவு. கறையானும் எறும்பும் மூவறிவு. நண்டும் தும்பியும் நாலறிவு.

கவனித்தீர்களா? ஈரறிவு முதல் நாலறிவு வரை அங்கே சொல்லப்பட்டவை எல்லாம் முதுகெலும்பு இல்லாத பிராணிகளே!

இன்றைய விஞ்ஞானம் சில இடங்களில் மாறுபடும். எறும்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு என்று இப்போது தெரியும். அதனால் என்ன? எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டாமல், ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துப் பிரித்தார்களே, அதுதான் பெரிது.

ஐரோப்பாவில் 1758-ல் கூட, ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி லின்னேயஸ், முதுகெலும்பு இல்லாத பிராணிகளை இரண்டே பிரிவில் அடக்கிவிட்டார். ஒன்று பூச்சி, மற்றொன்று புழு. சிலந்தியும் நண்டும் பூச்சிப் பிரிவில் இருந்தன!

பிரெஞ்சு விஞ்ஞானி லாமார்க், பாரிஸ் நகரத்தில் உட்கார்ந்து இந்தக் குவியலைப் பிரித்தார். சிலந்தியைத் தனியாக எடுத்தார். நண்டைத் தனியாக எடுத்தார். "முதுகெலும்பு இல்லாத பிராணிகள்" என்ற பெயரிலேயே 1801-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

கால்களை எண்ணுங்கள்

பிரிப்பது கஷ்டமான காரியமா? இல்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

6 கால் இருந்தால் அது பூச்சி. தலை, மார்பு, வயிறு என்று அதன் உடம்பு 3 பாகமாக இருக்கும். 8 கால் இருந்தால் சிலந்தி, தேள், உண்ணி வகை. கொடுக்கையும் சேர்த்து 10 கால் இருந்தால் நண்டு. உடம்பின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு ஜோடி கால் இருந்தால் பூரான். பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை.

இவை எல்லாம் ஒரே பெரிய குடும்பம். இவற்றுக்கு உள்ளே எலும்பு இல்லை. உடம்புக்கு வெளியே ஓடுதான் கவசம். கால்கள் கணுக்கணுவாக மடங்கும். அதனால் "கணுக்காலிகள்" என்று பெயர்.

காலே இல்லாமல் உடம்பு முழுவதும் வளையம் வளையமாக இருந்தால் அது மண்புழு வகை. மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. நத்தையும் சிப்பியும் மெல்லிய உடம்புக்காரர்கள்; ஓட்டுக்குள் ஒளிந்துகொள்வார்கள். குடலில் வாழும் நாடாப்புழு, உருளைப்புழு, கடலில் வாழும் ஜெல்லி மீன், நட்சத்திர மீன் ஆகியவை வேறு வேறு குடும்பங்கள்.

ஒரு செடியே பள்ளிக்கூடம்

குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போனால் இந்தப் பாடம் கண்ணெதிரே இருக்கிறது.

இலையின் அடியில் வெள்ளை ஈ இருக்கும். பெயர்தான் ஈ! ஈக்கு 2 இறக்கை. இதற்கு 4 இறக்கை. இது மாவுப்பூச்சிக்கு உறவு. தேமல் நோயைச் செடிக்குச் செடி பரப்புவது இதுதான்.

அதே இலையில் செம்பேன் இருக்கும். பெயர்தான் பேன்! வளர்ந்த செம்பேனுக்கு 8 கால். அது சிலந்திக்கு உறவு. பூச்சியைக் கொல்லும் மருந்துகளில் பல, இதை ஒன்றும் செய்வதில்லை. செம்பேனைத் தின்னும் பூச்சிகள் அந்த மருந்தில் செத்துவிட்டால், செம்பேன் முன்னைவிட அதிகமாகப் பெருகிவிடும். கால்களை எண்ணாமல் கடைக்குப் போனவருக்குப் பணமும் நஷ்டம், பயிரும் நஷ்டம்.

குச்சிக்கிழங்குக்கு வந்த வினை

கல்யாண வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி, குச்சிக்கிழங்கு மாவில் செய்தது. சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் வட்டாரங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கிழங்கை நம்பி வாழ்கின்றன. பயிரிடுபவர், கிழங்கு பிடுங்குபவர், வண்டி ஓட்டுபவர், சேகோ ஆலையில் வேலை செய்பவர் என்று அந்த வரிசை நீளும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் பயிருக்கு 2020-ல் ஒரு வினை வந்தது.

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி, அந்த ஆண்டு கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு சேலம், நாமக்கல் காடுகளிலும் காணப்பட்டது. குருத்துகள் சுருண்டு கொத்துக் கொத்தாக நின்றன. தண்டு வளைந்தது. செடி வளரவில்லை.

இந்த மாவுப்பூச்சியில் எல்லாம் பெண்! ஆண் துணை இல்லாமலே முட்டை இடும். ஒரு பூச்சி சுமார் 400 முட்டை இடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சும் பெரிதாகிவிடும். பிறகு பெருக்கத்துக்குக் கேட்கவேண்டுமா?

மருந்து ஏன் பலிப்பதில்லை?

விடை அதன் உடம்பில் இருக்கிறது.

மாவுப்பூச்சியின் மேல் இருப்பது மாவு அல்ல, மெழுகு. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருளுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல மருந்துத் தண்ணீரும் மெழுகின் மேல் சரியாக ஒட்டுவதில்லை. சுருண்ட குருத்துக்குள் பூச்சி பதுங்கியிருப்பதால், மருந்து அங்கே எட்டுவதும் இல்லை.

ஆனால் அதைத் தேடி வரும் குளவிக்கு மெழுகுக் கவசம் கிடையாது. அது வெளியே பறந்து திரியும். தெளித்த மருந்து அதன் மேல் படும். அது சாகும்.

மருந்து யாருக்கு உதவி செய்தது? மாவுப்பூச்சிக்குத்தான்!

ஆப்பிரிக்கா காட்டிய வழி

இதே மாவுப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் புகுந்தது. அங்கே குச்சிக்கிழங்கு கோடிக்கணக்கான மக்களுக்குச் சாப்பாடு. பஞ்சம் வந்துவிடும் என்று அஞ்சினார்கள்.

"பூச்சியின் சொந்த நாட்டில் அது ஏன் இப்படிப் பெருகுவதில்லை?" என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். தென் அமெரிக்காவில் தேடினார்கள். 1981-ல் பராகுவே நாட்டில் பூச்சியும் அதன் எமனும் அகப்பட்டன. அந்த எமன், எறும்பு அளவே உள்ள ஒரு சிறு குளவி!

இந்தக் குளவி மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பு நிறமாகி, வெறும் கூடாக நிற்கும். இரண்டு மூன்று வாரத்தில் கூட்டைத் துளைத்துக்கொண்டு புதிய குளவி பறக்கும்.

ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் குளவியை விட்டார்கள். பயிர் பிழைத்தது. இந்த வேலைக்குத் தலைமை வகித்த ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன், 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

ஏத்தாப்பூருக்கு வந்த குளவி

பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டிலிருந்து இந்தக் குளவியை 2021-ல் வரவழைத்தார்கள். உடனே வெளியே விட்டுவிடவில்லை. அடைத்து வைத்துச் சோதித்தார்கள். 2022 மார்ச் மாதம், சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்குக் குளவிகளைக் கொடுத்தார்கள்.

இது புதிய அனுபவமும் அல்ல. 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எல்லாவற்றையும் அது பாழாக்கியது. மல்பெரி இலையில் கடும் மருந்து தெளித்தால், அதைத் தின்னும் பட்டுப்புழுவும் செத்துவிடும். பட்டுப்புழுவும் ஒரு பூச்சியின் பிள்ளைதானே! அப்போதும் 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த ஒரு சிறு குளவிதான் பயிரைக் காத்தது.

ஆனால், அயல்நாட்டுப் பிராணி எதையும் சோதிக்காமல் கொண்டுவந்து விடலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. ஹவாய் தீவுகளில் 1955-ல், ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க, நத்தை தின்னும் நத்தை ஒன்றை விட்டார்கள். அது அந்தத் தீவுகளுக்கே உரிய அப்பாவி நத்தைகளைத் தின்று அழித்தது! எது யாரைத் தின்னும் என்று அறியாமல் செய்த காரியத்தின் பலன் அது.

செய்யவேண்டியது என்ன?

குடியானவரைக் குறை சொல்வது சுலபம். கடன் வாங்கிப் பயிர் வைத்தவர், கண்ணெதிரே குருத்து சுருளும்போது மூன்று வாரம் பொறுத்திருப்பாரா? மருந்துக் கடை பக்கத்தில் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் தூரத்தில் இருக்கிறது. அவர் கடைக்குத்தான் போவார்.

ஆகவே, அறிவு அவரைத் தேடி வரவேண்டும். விவசாய இலாகாவினர், குளவியையும் பொறிவண்டையும் கொடுப்பதோடு நிற்காமல், காட்டிலேயே நின்று அடையாளம் காட்டவேண்டும். மருந்து விற்கும் கடைகளில், நண்பன் எது, பகைவன் எது என்று பெரிய படம் மாட்டவேண்டும். குளவி விட்ட காட்டில் மருந்து தெளிக்கக் கூடாது என்பதைப் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சொல்லவேண்டும். குளவிக்கு வரப்பு தெரியாது அல்லவா?

பூச்சி பிடித்த செடியிலிருந்து நடுவதற்குக் குச்சி வெட்டக் கூடாது. குச்சியோடு பூச்சியும் ஊர் விட்டு ஊர் போகும்.

பள்ளிக்கூடங்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். படத்தில் உள்ள பூச்சியைக் கரும்பலகையில் வரைந்தது போதும். வாரம் ஒரு நாள், ஒரு பூதக்கண்ணாடியோடு பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போகட்டும். 6 கால் எது, 8 கால் எது என்று எண்ணட்டும். மெழுகு பூசிய இரண்டு வெள்ளைப் பிராணிகளில், அசையாமல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடிப்பது எது, சுறுசுறுப்பாக ஓடி வேட்டையாடுவது எது என்று பார்க்கட்டும்.

கொசு பகைதான். நாடாப்புழு பகைதான். அவற்றுக்கு இரக்கம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வலை பின்னும் சிலந்தியும், மண்ணை உழும் மண்புழுவும், கொசுவைப் பிடிக்கும் தும்பியும், எறும்பு அளவுள்ள குளவியும் சம்பளம் கேட்காத வேலைக்காரர்கள்.

தாத்தாவுக்குத் தெரியாத இந்தக் குளவியைப் பேரன் கண்டுபிடித்து, "தாத்தா, இந்தக் காட்டுக்கு மருந்து வேண்டாம்" என்று சொன்னால், படிப்புக்குச் செலவழித்த காசு அந்த அறுவடையிலேயே திரும்பி வந்துவிடும்.