ஏழு மதிப்பெண்ணும் ஒரு தராசும்

எம்.ஏ. முடித்தபோது 2000-க்கு 1193 மதிப்பெண் வாங்கியிருந்தேன். 1200 இருந்தால் முதல் வகுப்பு. ஏழு குறைவு. விழுக்காட்டில் சொன்னால் 59.65.

"ஏழு மார்க்குதானே, விடு" என்றார்கள். விட்டிருப்பேன். ஆனால், பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, தகுதித் தேர்வில் 60 விழுக்காடு வேண்டும். அதில் 59.65 என்பது 60-க்குப் பக்கத்தில் இருக்கும் எண் அல்ல. 60-க்குக் கீழே இருக்கும் எண், அவ்வளவுதான். விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கி, அந்தக் கட்டம் வந்ததும் மூடிவைத்துவிட்டேன்.

அப்பா நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். விஷயத்தைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, மார்க்கு போடும்போது நீ பாத்தியா?" அவருடைய நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லைத் திருப்பிவிடுவார்கள். அங்கே தில்லுமுல்லு நடக்காது என்று அவரே சொல்லமாட்டார். ஆனால் தராசும் ஈரமானியும் விவசாயியின் கண் முன்னால் இருக்கின்றன. சண்டை போடவாவது ஓர் எண் இருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் என் மதிப்பெண் பட்டியல்களை எல்லாம் எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தேன். இருபது தாள்கள். ஒவ்வொன்றிலும் பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25. பல்கலைக்கழகத் தேர்வுகளில் மொத்தம் 1500-க்கு 930 வாங்கியிருந்தேன். அது 62 விழுக்காடு. அகமதிப்பீட்டில் 500-க்கு 263. அது 52.6 விழுக்காடு. ஒரு தாளில் எழுத்துத் தேர்வில் 75-க்கு 58, அகமதிப்பீட்டில் 25-க்கு 12. எங்கள் வகுப்பில் பெரும்பாலானவர்களுக்கு இது தலைகீழாக இருந்தது. இன்டர்னல்தான் அவர்களைத் தூக்கிவிட்டது.

பல்கலைக்கழக விடைத்தாளில் என் பெயர் இல்லை, மாற்று எண்தான் இருந்தது. அகமதிப்பீடு செய்தவர்களுக்கு என் பெயர் தெரியும், ஊர் தெரியும். எந்த விடுதியில் தங்கியிருக்கிறேன் என்று தெரியும். உதவித்தொகைப் படிவத்தில் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். பெயர் மறைந்திருந்த இடத்தில் நான் முதல் வகுப்பு. பெயர் தெரிந்த இடத்தில் இரண்டாம் வகுப்பு.

ஆதிதிராவிடர் நல விடுதியில் உடனிருந்த மூன்று தோழிகளின் பட்டியல்களையும் வாங்கிப் பார்த்தேன். அதே சாய்வு. நான்கு பேரின் கணக்கு ஆய்வு முடிவாகாது என்பது ஆய்வு மாணவியான எனக்குத் தெரியும். எந்த ஆசிரியர் மனதில் என்ன இருந்தது என்றும் என்னால் சொல்ல முடியாது. என் புகாரே அதுதான். சாதி பார்த்தார் என்று நிரூபிக்கவும் வழியில்லை, பார்க்கவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. காரணம், எழுத்தில் எதுவுமே இல்லை.

இது என் வகுப்பறையோடு நிற்கும் சந்தேகம் அல்ல. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையிலான குழு, ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்களையும் நேர்காணல் மதிப்பெண்களையும் சமூகப் பிரிவு வாரியாக ஒப்பிட்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பாகுபாட்டைக் காட்டுகிறது என்று 2016-இல் சொன்னது. நேர்காணலுக்கான 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. அதே 2016-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளோ நுழைவுத்தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, முடிவை நேர்காணலிடம் விட்டன. மாணவர்கள் போராடி, நீதிமன்றம் வரை போன பிறகுதான் 70:30 என்ற கணக்கு வந்தது.

இதற்கும் வெகுகாலம் முன்பே, 1980-இல், அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 150-இல் 50 மதிப்பெண்ணை நேர்காணலுக்கு ஒதுக்கியது தன்னிச்சையானது என்றது. நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அகமதிப்பீடு நேர்காணல் அல்ல என்பது உண்மைதான். ஆனால் ஆளைத் தெரிந்துகொண்டு, தனியாக உட்கார்ந்து, காரணம் எழுதாமல் போடும் மதிப்பெண் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான்.

பல்கலைக்கழகத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் பணம் கட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தன் விடைத்தாளைத் தானே பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அகமதிப்பீட்டுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீடு கிடையாது. நான் கொடுத்த கட்டுரைகள் எங்கே போயின என்று கேட்டதற்கு, பழைய பேப்பரோடு போட்டிருப்பார்கள் என்று பதில் வந்தது.

அப்படியென்றால் அகமதிப்பீட்டையே ஒழித்துவிடலாமா? வேண்டாம். மூன்று மணிநேரத் தேர்வு ஒன்றே எல்லாவற்றையும் முடிவுசெய்தால், அன்றைக்குக் காய்ச்சலில் படுத்தவளுக்கும் முதல் நாள் வேலைக்குப் போய்வந்தவளுக்கும் வேறு வாய்ப்பே இல்லை. எனக்கு வேண்டியது தராசு.

இப்போது நானே இளங்கலை வகுப்பெடுக்கிறேன், நானே இன்டர்னல் போடுகிறேன். முதல் பருவத்தில் பட்டியலைத் தயார்செய்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கருத்தரங்கில் சரளமாக ஆங்கிலம் பேசிய இரண்டு பேருக்குத் தாராளமாகப் போட்டிருந்தேன். தயங்கித் தயங்கித் தமிழில் பேசிய, ஆனால் நூல்களை உண்மையாகவே படித்துவந்திருந்த மாணவிக்குக் கை இறுக்கம். நான் அம்பேத்கரைப் படித்தவள், சாதி எதிர்ப்பு பேசுகிறவள். என் கையே இப்படிச் சாய்கிறதென்றால், அந்தச் சாய்வைப் பற்றி ஒருநாளும் யோசித்திராத கை எப்படிச் சாயும்?

அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். தேர்வுக்கு எவ்வளவு, கட்டுரைக்கு எவ்வளவு, கருத்தரங்குக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி, அலுவலகத்துக்கு அனுப்பும் முன் ஒவ்வொருவரிடமும் காட்டி, கையெழுத்து வாங்குகிறேன். கேள்வி கேட்கிறார்கள். சில நேரம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. இரண்டு முறை என் கணக்கே தப்பாக இருந்தது, திருத்தினேன்.

என் ஒருத்தியின் நல்ல எண்ணத்தை நம்பி இது நடக்கக் கூடாது, விதியாக வேண்டும். பிரித்து எழுதிய மதிப்பெண்ணை மாணவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கட்டுரைகளைப் பட்டம் கிடைக்கும் வரையாவது பாதுகாக்க வேண்டும். முறையீட்டுக்குத் துறைக்கு வெளியே ஒருவர் வேண்டும். அகமதிப்பீட்டுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு கல்லூரியும் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. எண்கள் எல்லாம் ஏற்கெனவே அலுவலகக் கணினியில் இருக்கின்றன.

தோழர்களே, உங்கள் மதிப்பெண் பட்டியல்களை எடுங்கள். 75-ஐத் தனியாகக் கூட்டுங்கள், 25-ஐத் தனியாகக் கூட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் கேளுங்கள். கொஞ்சத்தில் தவறவிட்டோம் என்று நம் மேலேயே நாம் போட்டுக்கொண்ட பழியில் எவ்வளவு நம்முடையது என்று தெரிந்துகொள்வோம். என்னுடைய ஏழு இனித் திரும்பி வராது. அந்தத் தமிழ்க் கருத்தரங்கு மாணவிக்கு இந்தப் பருவம் 25-க்கு 21. எப்படி 21 என்று அவளுக்குத் தெரியும்.