மேடையில் நம் பெண்கள் பேசட்டும்

நமது கூட்டங்களில் பேச்சு நீளுகிறது. விசயம் போய்ச் சேருவதில்லை. மழையில் நின்று கேட்ட பெண்ணுக்கு, லயத்துக்குப் போய் அடுத்த வீட்டில் சொல்ல ஒரு வார்த்தையும் மிஞ்சுவதில்லை.

1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் கூட்டங்களில், அவரது துணைவியார் மீனாட்சியம்மை பாடுவார். நம் மக்களுக்குப் பழகிய மெட்டில் அவர்களது துயரமே பாட்டாக வந்தது. எழுத்தறியாதவரும் கேட்டுத் திரும்பப் பாட முடிந்தது. பேச்சும் அப்படி, கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஆகவே மேடை ஏறுமுன் ஒரே கோரிக்கையை முடிவு செய்யுங்கள். 'ஊதிய முரண்பாடு' என்று ஆரம்பிக்காதீர்கள். கொழுந்து நிறுக்கும்போது எத்தனை கிலோ கழித்தார்கள், எத்தனை நாள் அரைப் பேர் போட்டார்கள், அதனால் மாதச் சம்பளத்தில் எவ்வளவு குறைந்தது என்று கணக்குச் சொல்லுங்கள். நாம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி முடியுங்கள்.

துரையிடம் பேசும்போதும் இந்தக் கணக்குதான் எடுபடும். அது கொழுந்து எடுக்கும் பெண்களுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் மேடையில் பேசுவது பெரும்பாலும் ஆண்கள். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடத்தை ஒரு பெண் தொழிலாளிக்குக் கொடுங்கள்.