கரையில் ஒரு கணக்கு நோட்டு

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தர உண்டியல் மட்டும் போதாது. தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் போன்ற ஊரில் பாடம் கண்ணெதிரே நடக்கிறது. வீட்டிலேயே படிக்கிற பிள்ளையோ பள்ளிக்குப் போகிற பிள்ளையோ, எட்டு வயதில் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, படகு கரை வந்ததும் எழுதச் சொல்லலாம்: மீன் என்ன விலைக்கு ஏலம் போனது, டீசலுக்கும் ஐஸுக்கும் எவ்வளவு கழிந்தது, மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் எவ்வளவு பங்கு, ஆட்களுக்கு எவ்வளவு. வரவு வேறு, லாபம் வேறு என்பது அப்போதே பிடிபட்டுவிடும். மீன் படாத நாளிலும் டீசல் செலவு உண்டு என்பதும் தெரியும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் கட்டும் 1,500 ரூபாய், மத்திய, மாநில அரசுகளின் பங்கு சேர்ந்து 4,500 ஆவதையும் எழுதட்டும். நாம் மறைப்பது கடனைத்தான். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் மீனைப் பெரும்பாலும் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே தர வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு இது எதற்கு என்று மூடிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்து வயதுக்கு மேல் பிள்ளையே சேமிப்புக் கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே வழிவிட்டிருக்கிறது. அதற்குள், வட்டிக்கு வாங்கிய ஆயிரம் ரூபாய் ஒரு வருடத்தில் எவ்வளவு ஆகும் என்று வீட்டில் ஒரு முறையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?