தட்டிப் பார்த்துச் சொல்லட்டும்!

சந்தையிலே பானை வாங்கும் தாய் என்ன செய்கிறாள்? கண்ணால் பார்ப்பதோடு விடுகிறாளா? விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுகிறாள். ‘டங்’ என்றால் நல்ல பானை. ஓசை செத்து விழுந்தால் கீறல் பானை! இரயில் வண்டி நின்றதும் சுத்தியலோடு இறங்கி, சக்கரம் சக்கரமாகத் தட்டிச் சென்ற தொழிலாளியும் அதைத்தான் செய்தார். உடைத்துப் பார்க்கவில்லை; உள்ளே ஓடிய வெடிப்பை ஓசையிலே கண்டார்.

விண்மீனின் வயிற்றுக்குள் இருப்பதை அறிய இன்றைய விஞ்ஞானி கையாள்வதும் அதே வித்தைதான்! கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி. நடுவிடமோ ஒன்றரைக் கோடி டிகிரி. சுத்தியலோடு யார் போவது? போக வேண்டியதில்லை, தோழர்களே! உலைநீர்போலக் கொதித்துப் புரளும் வாயுவே விண்மீனை உள்ளிருந்து தட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அதிர்வில் ஒளி கூடுகிறது, குறைகிறது. கதிரவனுக்கு அத்துடிப்பு சுமார் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. மாறும் ஒளியோ பத்து இலட்சத்தில் சில பங்கு! தரையிலிருந்து அளந்தால் காற்றின் மினுமினுப்பில் கரைந்துபோகும். பகல் வந்தால் கணக்கு அறுந்துபோகும். ஆகவேதான் வானுக்குத் தொலைநோக்கி வேண்டும் என்கிறார்கள்.

‘ஹேடன்’ என்றொரு திட்டம். இசைவாணர் பெயரைத் தாங்கியது. அறிஞர்கள் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் முன் வைத்தது. 2021-இல் விரிவாக அச்சேறியது. அதன் குறி, நெருங்கி மொய்க்கும் விண்மீன் கொத்துகள். ஏன் கொத்து? கொத்தில் உள்ளவை ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே முகிலில் பிறந்த உடன்பிறப்புகள். அக்காளின் அதிர்வு ஒரு வயதையும் தங்கையின் அதிர்வு வேறு வயதையும் காட்டினால், பிழை நமது கணக்கிலே என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்!

கேட்டை விண்மீனுக்குப் பக்கத்திலே ‘எம்-4’ என்னும் கொத்து இருக்கிறது. ஏறத்தாழ 6,000 ஒளியாண்டுத் தொலைவு. கேட்டை என்றதும் பஞ்சாங்கம் நினைவுக்கு வருகிறதா? கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று சொல்லி, எத்தனை வீட்டில் எத்தனை பெண்களின் கண்ணீர்! ஐந்நூறு ஒளியாண்டுக்கு அப்பால் எரியும் அந்த வாயு உருண்டைக்கு யாருடைய மைத்துனனையும் தெரியாது. போகட்டும். அமெரிக்காவின் கெப்ளர் 2014-இல் அந்தக் கொத்தைப் பார்த்தது. நெரிசலில் ஒளியோடு ஒளி கலந்தது. பல்லாயிரம் விண்மீன்களில், 2016-இல் வெளிவந்த ஆய்வு எட்டின் துடிப்பைத்தான் பிடித்தது. கூட்டத்தைப் பிரித்துப் பார்க்கும் கூரிய கண்ணைத்தான் ஹேடன் கேட்கிறது.

நாம் அஞ்சுவது ஏன் தெரியுமா? முன்பும் ஒரு திட்டம் இருந்தது. பெயர் ‘எடிங்டன்’. 1926-இல் விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி நூல் தந்த ஆங்கிலேய அறிஞரின் பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 24 வயதுச் சந்திரசேகரை, 1935 ஜனவரியில் இலண்டன் அவையிலே ஏளனம் செய்தவரும் அவரேதான்! பெரியவர் சிரித்தார், விண்மீனோ இளைஞரின் கணக்குப்படியே நடந்தது. 1983-இல் நோபல் பரிசும் வந்தது. அவர் பெயரிட்ட திட்டத்தை 2000-இல் ஏற்று, 2003 நவம்பரில் பணமில்லை என்று கைகழுவினார்கள். பிரான்சு முன்னின்ற சிறிய ‘கோரோ’ 2006-இல் பறந்தது. கெப்ளர் 2009-இல் பறந்தது. எடிங்டன் காகிதத்திலேயே கிடந்தது!

கஞ்சிக்கு வழியில்லாதவனுக்கு விண்மீனின் வயிறு எதற்கு என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி, நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆனால் திருப்பிக் கேட்கிறோம்: எடிங்டனை நிறுத்தியதால் எந்த ஏழையின் கலயம் நிறைந்தது? தொழிலாளியின் சுத்தியலில் உள்ள இரும்பு என்றோ ஒரு விண்மீனில் விளைந்தது. அந்த உலைக்களத்தின் கணக்கைக் கேட்க அவனைவிட உரிமையுள்ளவன் யார்?

பிளேட்டோ இருக்கிறதே என்பார்கள். 2014-இல் தேர்ந்தெடுத்தது, 26 கேமராக்கள் கொண்டது, வரவேற்கிறோம். ஆனால் அது நாடுவது ஒளி மிகுந்த விண்மீன்களையும் அவற்றைச் சுற்றும் கோள்களையும். நெரிசலுக்குள் நுழைந்து எம்-4 போன்ற கொத்துகளைத் தட்டிப் பார்ப்பது அதன் வேலையன்று. அந்த வேலைக்குத்தான் ஹேடனை அனுப்புங்கள் என்கிறோம்!