மூன்றாவது வாரத்துத் தீர்ப்பு

ஒரு சினிமாவுக்குப் போவதற்கு முன்னால் நீங்கள் யாருடைய பேச்சைக் கேட்கிறீர்கள், நேயர்களே? பத்திரிகையில் விமரிசனம் எழுதுகிறவரின் பேச்சையா, அடுத்த வீட்டு அம்மாளின் பேச்சையா? "இரண்டு பேர் பேச்சும் எங்கள் வீட்டில் எடுபடாது, குழந்தைகள் எந்தப் படம் என்கிறார்களோ அதுதான்" என்று சிலர் சொல்லக் கூடும். அவர்களுக்கு என் அனுதாபங்கள்!

தாமிரபரணிக் கரையில் இந்த விசாரணை ஒரு காலத்தில் படித்துறையிலேயே நடந்து முடிந்துவிடும். துணி துவைக்கிற சத்தத்துக்கு நடுவே ஒருத்தி கேட்பாள்: "ஏளா, நேத்துப் பாத்த படம் எப்படி?" மற்றவள் சொல்லுவாள்: "பாதிப் படம் அழுதேன், மீதிப் படம் தூங்கினேன்!" முடிந்தது விமரிசனம். எவ்வளவு பெரிய பத்திரிகை எழுத்தாளராலும் இதை விடச் சுருக்கமாக எழுத முடியாது.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் மூன்று தீர்ப்புகள் உண்டு. பத்திரிகைத் தீர்ப்பு ஒன்று. படித்துறைத் தீர்ப்பு ஒன்று. இருபது முப்பது வருஷம் கழித்துக் காலம் நிதானமாக எழுதுகிற தீர்ப்பு ஒன்று. மூன்றும் ஒத்துப் போகிற படங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? ஒத்துப் போகாத படங்களில்தான் ரஸமெல்லாம் இருக்கிறது.

முதலில் கல்கியையே எடுத்துக் கொள்வோம். அவர் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' பகுதி எழுதி வந்த காலம். 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக வேஷம் போட்ட 'பக்த நந்தனார்' டாக்கி வந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே வாய் பிளந்திருந்தது. கல்கி வாய் பிளக்கவில்லை. படத்தில் வருகிற பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியுந்தான் நன்றாக நடித்திருந்தன என்ற பொருளில் எழுதிவிட்டார்! எழுதியவரைத் திட்டிக் கொண்டே வாசகர்கள் சிரித்திருப்பார்கள்.

அதோடு சுந்தராம்பாள் கதை முடிந்துவிட்டதா? இல்லை. அதே விகடனின் அதிபர் எஸ். எஸ். வாசன், பதினெட்டு வருஷம் கழித்து, 1953-ல், அதே அம்மாளை வைத்து 'ஔவையார்' எடுத்தார். இன்றைக்கும் ஔவைப் பாட்டி என்றால் நம் மனக்கண்ணில் வந்து நிற்பது யார்? சுந்தராம்பாள்தானே! விமரிசகர் ஒரு படத்தைத்தான் நிறுக்கிறார். ஒரு மனுஷியின் ஆயுளை நிறுக்க அவரிடம் தராசு இல்லை.

1952-ல் 'பராசக்தி' வந்தபோது நேர்மாறான வேடிக்கை. 'தினமணி கதிர்' காரசாரமாகத் தாக்கி எழுதியது. அட்டையில் கருணாநிதியைக் கேலிச் சித்திரமாகப் போட்டு 'பரப்பிரம்மம்' என்று பெயரும் வைத்தது. அவருடைய கட்சிக்காரர்கள் சும்மா இருந்தார்களா? 'பரப்பிரம்மம்' என்ற பெயரிலேயே ஊர் ஊராக நாடகம் போட்டு, நிதி வசூல் செய்துவிட்டார்கள். வசவையே வசூலாக்கிய சாமர்த்தியம்!

இரண்டு வருஷம் கழித்து, 1954-ல், 'அந்த நாள்' வந்தது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. பத்திரிகைகள் பாராட்டின, அரசாங்கமும் தகுதிச் சான்று கொடுத்தது. ஜனங்களோ, "பாட்டில்லாமல் ஒரு படமா?" என்று எழுந்து போனார்கள். இன்று அந்தப் படத்தைக் குறிப்பிடாமல் தமிழ் சினிமாவின் சரித்திரத்தை எழுத முடியாது.

சரி, நெல்லைச் சீமைக்கு வருவோம். ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையின் கதையை பி. ஆர். பந்துலு 1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்' என்று எடுத்தார். சிவாஜி கணேசன் செக்கிழுத்ததைப் பார்த்து யாருக்குத்தான் தொண்டை அடைக்காது? அந்த வருஷத்துச் சிறந்த தமிழ்ப் படம் என்று ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. ஆனால் பணம் போட்டவருக்குப் பணம் திரும்பவில்லை. அதே 1961-ல், அதே சிவாஜி நடித்த 'பாசமல'ருக்கோ கொட்டகை கொள்ளாத கூட்டம். கண்ணீர் கொள்ளாத கைக்குட்டைகள்! அண்ணன் தங்கைக்காக அழுத தமிழ்நாடு, தனக்காகச் செக்கிழுத்தவருக்காக அழ அன்று கொட்டகைக்குப் போதுமான அளவு வரவில்லை. இன்று சுதந்தர தினம் வந்தால் பெரியவர்கள் குழந்தைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுகிற படம் அதுதான். காலம் தீர்ப்பைத் திருத்தியது. ஆனால் பந்துலுவின் கையைக் கடித்த நஷ்டத்தைக் காலத்தால் திருப்பித் தர முடிந்ததா?

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. நல்ல படம் என்று நாலு பேர் எழுதியும், ஜனங்கள் வந்து சேருவதற்குள் படம் கொட்டகையை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? இதற்குப் பதில் சொல்ல ஒரு விமரிசகரே வந்தார்.

அவர் பெயர் மகேந்திரன். இளையான்குடிக்காரர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்த காலத்தில், அங்கே வந்த எம். ஜி. ஆரை மேடையில் வைத்துக் கொண்டே, தமிழ் சினிமாவில் நடக்கிற அபத்தங்களையெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பிய்த்து உதறினார். எம். ஜி. ஆருக்குக் கோபம் வரவில்லை; நல்ல விமரிசகராக வரத் தகுந்தவர் என்று கைப்பட எழுதிக் கொடுத்து வாழ்த்தினார். அப்படியே ஆயிற்று. பிற்பாடு சோவின் 'துக்ளக்' பத்திரிகையில் மகேந்திரன் சினிமா விமரிசனம் எழுதினார்.

ஊராரைக் குறை சொல்லுகிறவரிடம், "அப்படியானால் நீயே எடுத்துக் காட்டு" என்று சொல்லுவது உலக வழக்கம். சமையலைக் குற்றம் சொல்லுகிற கணவனிடம் நாம் கரண்டியை நீட்டுவதில்லையா? மகேந்திரன் கரண்டியை வாங்கிக் கொண்டார். அவர் முதலில் சமைத்த இரண்டு விருந்துகளுக்கும் அரிசி தாமிரபரணிக் கரையிலிருந்து போனது என்பது நெல்லைக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய சங்கதி.

முதற்படம் 'முள்ளும் மலரும்'. கதை உமாசந்திரனுடையது. முன்னீர்ப்பள்ளத்துக்காரர், நடிகர் பூர்ணம் விசுவநாதனின் தமையனார். கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்ற கதை. "அண்ணன் தங்கை கதை" என்று கேட்டதும் தயாரிப்பாளர் இன்னொரு 'பாசமலர்' வரப் போகிறதென்று மகிழ்ந்திருக்க வேண்டும். வந்ததோ வேறு. பக்கம் பக்கமாக வசனம் இல்லை. கதாநாயகன் காளி முரடன். பிடிக்காதவரைப் பிடிக்கவில்லை என்று கடைசி வரை முகத்துக்கு நேரே சொல்லுகிறவன். படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக் கொண்டார்.

1978 ஆகஸ்டு 15-ஆம் தேதி படம் வெளிவந்தது. முதல் வாரம் கூட்டம் இல்லை. இரண்டாவது வாரமும் அப்படியே. ஆனால் இதற்குள் பத்திரிகைகளில் விமரிசனங்கள் வந்துவிட்டன. படித்தவர்கள் போய்ப் பார்த்தார்கள்; பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள்; வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போயிற்று. மூன்றாவது வாரத்துக்கு மேல் கூட்டம் நெரிந்தது. படம் நூறு நாளைத் தாண்டியது. ஆனந்த விகடன் 61 மார்க் கொடுத்தது. நம் வீட்டுப் பிள்ளை 61 மார்க் வாங்கி வந்தால் நாம் என்ன சொல்லுவோம்? ஆனால் விகடனில் அது முதல் வகுப்புக்குச் சமம். முந்தின வருஷம் '16 வயதினிலே' வாங்கிய 62½ மார்க்கே அங்கே பெரிய சாதனையாகப் பேசப்படுகிறது.

அடுத்த விருந்து, 1979-ல் வந்த 'உதிரிப்பூக்கள்'. இதன் வித்து புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தவர், வண்ணார்பேட்டைக்காரர், இலக்கிய விமரிசனத்தில் எவருக்கும் தயவு தாட்சண்யம் காட்டாதவர். கல்கியோடு தழுவல் இலக்கியத்தைப் பற்றி நடந்த சண்டையில் 'ரசமட்டம்' என்று புனைபெயர் வைத்துக் கொண்டு இறங்கியவர். அவரும் சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். பாகவதரின் 'ராஜமுக்தி'க்காகப் புனாவுக்குப் போனவர் க்ஷயரோகத்தோடு திரும்பி, 1948-ல் கண் மூடினார். படம் அவர் மறைந்த பிறகுதான் வெளிவந்தது, ஓடவுமில்லை. உயிரோடிருந்தபோது சினிமா அவருக்கு வியாதியைக் கொடுத்தது; முப்பத்தொரு வருஷம் கழித்து மரியாதையைக் கொடுத்தது!

மகேந்திரன் அந்தக் கதையை அப்படியே எடுக்கவில்லை. தாயை இழந்த இரண்டு குழந்தைகள் என்ற ஒரு பொறியை எடுத்துக் கொண்டு, நிறைய மாற்றினார். இருந்தும் புதுமைப்பித்தன் பெயரைப் போட மறக்கவில்லை. விகடன் 60 மார்க் போட்டது. அந்த மார்க்கைப் பார்த்தா தாய்மார்கள் போனார்கள்? இல்லை. மனைவியைக் கை நீட்டி அடிக்காமலே சித்திரவதை செய்கிற ஒரு புருஷனைத் திரையில் அவர்கள் கண்டார்கள். "இவனை எனக்குத் தெரியும்" என்று எத்தனை பெண்கள் மனத்துக்குள் சொல்லிக் கொண்டிருப்பார்கள்! அந்த வாக்கியத்தை எந்த விமரிசகராலும் எழுத முடியாது. ஆனால் அந்தப் பெண்கள் வந்து சேருகிற வரையில் படத்தைப் பற்றிய பேச்சு அணையாமல் பார்த்துக் கொள்ள அவரால் முடியும்.

பத்திரிகை விமரிசனத்தின் உண்மையான உபயோகம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தீர்ப்பல்ல, தவணை. "கொஞ்சம் பொறுங்கள், இதில் ஏதோ இருக்கிறது" என்று ஒரு நல்ல படத்துக்கு இரண்டு வாரம் அவகாசம் வாங்கித் தருவது.

இப்போது அந்த இரண்டு வாரம் எங்கே போயிற்று? முதற்காட்சி விட்டு வெளியே வருகிறவர் கண்ணைத் துடைப்பதற்குள் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டி, "படம் எப்படி?" என்கிறார்கள். மத்தியானத்துக்குள் தீர்ப்பு, ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்டனை. 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போய், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமரிசனம் கூடாது என்று தடை கேட்டார்கள். அபிப்பிராயம் சொல்லுவது அவரவர் சுதந்தரம் என்று சொல்லி, நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்கவில்லை. சரியான முடிவுதான். பேசுகிறவர் வாயைப் பொத்தினால் நல்ல படத்தைப் பற்றிப் பேசுகிற வாயும் அல்லவா சேர்ந்து அடைபடும்?

அதற்கும் திருநெல்வேலியிலேயே சாட்சி இருக்கிறது. 2018 செப்டம்பரில் மாரி செல்வராஜின் முதற்படம் 'பரியேறும் பெருமாள்' வந்தது. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேருகிற ஓர் ஏழைப் பையனின் கதை. பெரிய நட்சத்திரம் கிடையாது. பார்த்தவர்கள் எழுதினார்கள், பேசினார்கள். பேச்சுப் பரவப் பரவக் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் இரண்டு டீ டம்ளர்களையும் நடுவே ஒரு பூவையும் காட்டிப் படத்தை முடித்திருப்பார். அந்த இரண்டு டம்ளருக்கு நடுவே இருக்கிற தூரம் என்ன என்று நம்மை ஒரு நிமிஷம் யோசிக்க வைத்தாரே, அந்த விமரிசகர்தான் விமரிசகர். 'பார்க்கலாம், பார்க்க வேண்டாம்' என்று விரலை ஆட்டுகிறவர் வெறும் கைகாட்டி மரம்.

ஆகையால், நேயர்களே, விமரிசனத்தைப் படிக்கும்போது மார்க்கை விட்டுவிட்டுக் காரணத்தைப் படியுங்கள். காரணம் இல்லாத புகழ்ச்சியையும், காரணம் இல்லாத வசவையும் ஒரே குப்பைக் கூடையில் போடுங்கள். படம் பார்த்து வந்த பிறகு, பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். "நன்றாயிருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எது நன்றாயிருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்திரிகைக்காரர் பேர் போட்டு எழுதுகிறார். நீங்கள் பேர் போடாமல் எழுதுகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

படித்துறைகளில் இப்போது அவ்வளவு கூட்டம் இல்லை. சலவை இயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால் என்ன? மாடிப்படி இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, பள்ளிக்கூட வாசல் இருக்கிறது. ஒரு நல்ல படத்துக்கு மூன்றாவது வாரம் உண்டா இல்லையா என்பதை அங்கேதான் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை கைபேசியில் கேட்ட தீர்ப்பை மறந்துவிட்டுத் திங்கட்கிழமை ஒரு டிக்கெட் வாங்கிப் பாருங்கள். கூட்டமும் இராது, உட்கார நல்ல இடமும் கிடைக்கும்!