ஐஸ் ஒத்தடம் வேண்டாம்!

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஏராளம். அந்த மாநிலங்களில் அதிகம் காணப்படும் பரம்பரை நோய், அரிவாள் செல் ரத்தசோகை. 'வெளிமாநிலத்து நோய்' என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் இது முதன்முதலில் 1952-ல் பதிவானதே நம் நீலகிரி மலை மக்களிடம்தான்.

இவர்களைப் படுத்தியெடுப்பது வலி. முதுகு, கை, கால், நெஞ்சு என எங்கும் திடீரென்று வரும். வெளியே பெரும்பாலும் காயமோ வீக்கமோ தெரியாது. அதனாலேயே, 'லீவுக்காக நடிக்கிறான்' என்ற பேச்சும் வரும்.

நடிப்பில்லை. ரத்த சிவப்பணு ஆக்சிஜனை இறக்கி வைத்ததும், அதிலுள்ள மாறுபட்ட ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகிறது. வட்டமான அணு அரிவாள் போல வளைந்து விறைக்கிறது. இதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் நுண்குழாயைத் தாண்டிவிட்டால் தப்பித்தது; நுரையீரலுக்குப் போய் மறுபடி ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளும். ரத்த ஓட்டம் மந்தமானால் குழாய்க்குள்ளேயே சிக்கிவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றால் பின்னால் என்ன ஆகும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஆக்சிஜன் கிடைக்காத திசுவின் தவிப்புதான் அந்த வலி.

குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கும். உடம்பில் நீர் வற்றினாலும் ஆபத்துதான். இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் ரத்த ஓட்டத்தை அளந்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சூடு வைத்தபோது மட்டுமல்ல, 'வலிக்கப்போகிறது' என்று எதிர்பார்த்தபோதே ரத்தக்குழாய்கள் சுருங்கியிருந்தன! ஆக, வலியில் துடிப்பவரைச் சந்தேகப்பட்டுக் காக்க வைப்பது வெறும் மரியாதைக் குறைவு அல்ல.

அடிபட்ட வலிக்குச் செய்வதுபோல ஐஸ் வைக்காதீர்கள். இதமான சூட்டில் ஒத்தடம் தரலாம். நிறைய தண்ணீர் கொடுங்கள். வியர்க்க வியர்க்க வேலை செய்தவர் உடனே குளிர்ந்த நீரில் குளிக்காமல் இருப்பது நல்லது. வலி அடிக்கடி வருகிறவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை உண்டு. டாக்டர் கண்காணிப்பில் மட்டும்.

வலியோடு காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஏதாவது சேர்ந்தால், 'விடியட்டும்' என்று படுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். ராயபுரம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. போனதும் முதல் வார்த்தையாக, 'இவருக்கு சிக்கிள் செல்' என்று சொல்லிவிடுங்கள்.